திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ‘போன்’!

போன் என்றால் இங்கே கைபேசி. பிரான்சில் அது ஓர் ஊரின் பெயர். பர்கண்டி வட்டாரத்தில், தீஜோன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 20,000 பேர் வசிக்கும் இந்த ஊரின் பழைய மதிலுக்குள் இருக்கும் பகுதியை ஒரே காலையில் நடந்து சுற்றிவிடலாம். ஆனால், உலகப் புகழ்பெற்ற ஒயின் கிராமங்களை நிதானமாகப் பார்க்க, இங்கே இரண்டு மூன்று நாள் தங்குவதுதான் வசதி.

ஏழைகளின் அரண்மனை

ஊரின் நடுவே, வண்ண ஓடுகளால் கோலம் போட்டது போன்ற கூரையோடு நிற்கிறது ‘ஓத்தெல் தியு’. பார்த்தால் அரண்மனை, உண்மையில் ஏழைகளுக்கான மருத்துவமனை! நூறாண்டுப் போரில் மக்கள் நொந்துபோயிருந்த காலத்தில், பர்கண்டி கோமகனின் உயர் அதிகாரி நிகோலா ரோலானும் அவர் மனைவியும் 1443-ல் இதை நிறுவினார்கள். இப்போது அருங்காட்சியகம். சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன.

வைத்தியச் செலவுக்கு வழி? கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பதுபோல, பலரும் இந்த மருத்துவமனைக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். இன்று அவை சுமார் 60 ஹெக்டேர். அதில் விளையும் ஒயின், 1859 முதல் ஏலம் விடப்படுகிறது. ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு நடக்கும் ஏலத்தின் வருமானம், இன்றும் மருத்துவப் பணிகளுக்கே போகிறது.

சைக்கிள் மிதிக்கலாம்

போனிலிருந்து தெற்கே சாந்த்னே வரை, தோட்டங்களுக்கு ஊடாகவே சைக்கிள் பாதை போகிறது. சுமார் 20 கி.மீ. வழியில் சிவப்பு ஒயினுக்குப் பெயர்பெற்ற பொம்மார், வொல்னே; வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்ற மெர்சோ. கிராமங்கள் அடுத்தடுத்து இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் இறங்கி இளைப்பாறலாம்.

வடக்கே போனால் வூஜோ. இங்கே கிறிஸ்தவத் துறவிகள் மதில் கட்டி வளர்த்த 50 ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு அதைப் பறிமுதல் செய்து விற்றது. பின்னாளில் விற்பனையிலும் பாகப்பிரிவினையிலும் துண்டு துண்டாகி, இன்று சுமார் 80 உரிமையாளர்கள்! ஒரே மதிலுக்குள் விளைந்தாலும் ஆளுக்கு ஆள் ருசி மாறும். இப்படித் தனித்தனிப் பெயரும் குணமும் கொண்ட துண்டு நிலங்கள் இந்த வட்டாரத்தில் 1,247. யுனெஸ்கோ 2015-ல் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முந்திக்கொள்ளும் அறுவடை

போன் ஊரில் 1354 முதல் திராட்சை அறுவடைத் தேதிகள் தெரியும். அவற்றை ஆராய்ந்தவர்கள் சொல்லும் சேதி கவலை தருவது: 1988-க்குப் பிறகு அறுவடை, முன்பைவிடச் சராசரியாக 13 நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. வெப்பம்தான் காரணம். குளிர்காலம் சீக்கிரம் தணிந்தால் துளிரும் சீக்கிரம் விடும். பிறகு ஏப்ரலில் திடீரென உறைபனி விழுந்தால், அத்தனை துளிரும் கருகும். 2021 ஏப்ரலில் விவசாயிகள் இரவெல்லாம் கண்விழித்து, கொடிகளுக்கு இடையே பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றிவைத்துக் காவல் காத்தார்கள். அப்படியும் பலருக்குப் பெரும் விளைச்சல் போனது. தூரத்திலிருந்து தீபத் திருவிழாபோலத் தெரிந்தது, உண்மையில் பிழைப்புக்கான போராட்டம்.

போகிறவர்களுக்கு...

* தீஜோனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போன் வந்துவிடலாம்.

* சிறு தயாரிப்பாளர்களின் நிலவறைகளைப் பார்க்க, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்வது நல்லது.

* ருசி பார்த்துவிட்டுத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல. அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். கார் ஓட்டுபவர் ஒயினைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

* ஒயின் வேண்டாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும், 1840 முதல் இயங்கும் கடுகு விழுது ஆலையும் சனிக்கிழமைக் காலைச் சந்தையும் இருக்கின்றன.

* ஏல வாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். செப்டம்பரில் போனால் அறுவடையைக் கண்ணாரப் பார்க்கலாம். ஆனால், வெயில் கூடிய வருடங்களில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. தேதியை விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.