பச்சை பெயின்ட்டுக்கு அடியில் இருந்த ஜீப்

தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் தோட்டம். நாலு ஏக்கர் காபி, நிழல் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, ஊடே மலைவாழை. தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கல்லும் சேறுமான ஏற்றம். உரமூட்டை ஏற்றவும் வாழைத்தார் இறக்கவும் வாடகை ஜீப்தான். போன வருடம் மிளகு கைகொடுக்க, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று துணிந்தேன்.

அப்போதுதான் என் மகன் செல்போனில் ஒரு படம் காட்டினான். மிலிட்டரி பச்சை, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம். ‘1944 மாடல், உலகப் போர் ஜீப், முழுக்கப் புதுப்பித்தது’ என்று போட்டு, நாலே முக்கால் லட்சம் கேட்டிருந்தார்கள். எங்க அப்பா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தனியாகப் போனேன், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் ஜீப் மெக்கானிக் எனக்கு மாமா முறை. விஷயம் கேட்டதும், “மாப்ளே, மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பார்ப்பே. ஜீப்புக்கு மட்டும் பெயின்ட்டைப் பார்த்தியா?” என்றார். மறுவாரம் அவரோடு திரும்பப் போனேன்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் பானெட்டில் கையை வைத்தார். சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய எஞ்சினின் நோவு எல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும், சூடேறிய பிறகு மறைந்துவிடும் என்றார். பிறகு பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து பாடி முழுக்க ஓட்டினார். சில இடத்தில் கப்பென்று ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலும் கால் வைக்கும் தரையிலும் வழுக்கி விழுந்தது. அங்கெல்லாம் தகடு இல்லை, பட்டிதான்.

போர் ஜீப் என்பதும் நிற்கவில்லை. வில்லீஸும் ஃபோர்டும் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய அந்த வண்டிக்குப் பானெட் தாழ்வாக இருக்கும். முன் கிரில்லில் ஒன்பது பிளவு. பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. ஹெட்லைட்டைத் திருப்பி எஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கலாம். இதில் கிரில் ஒன்பது பிளவுதான், ஆனால் புதிதாக அடித்தது. பானெட் உயரம். ஹெட்லைட் அசையவில்லை. பின்னால் உள்பக்கம் தடவினால், கதவு இருந்த இடத்தை மூடிய வெல்டிங் கோடு கையில் தட்டுப்பட்டது. ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தால் மஹிந்திரா, 1968. அதுவும் பெட்ரோல் என்று இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பது டீசல் எஞ்சின். மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதியவே இல்லை. நாளைக்கு மலையில் ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் இதைத்தான் கேட்பான்.

“பழமை வாகனமா பதிஞ்சுக்கலாம் சார்” என்றார் விற்கிறவர். 2021-ல் மத்திய அரசு அதற்கு விதி கொண்டுவந்தது உண்மைதான். 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் எஞ்சின், சேஸிஸ், பாடியை அடியோடு மாற்றியிருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் கொண்டுபோகலாமே தவிர, அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. வாழைத்தார் ஏற்ற எனக்கு அது எதற்கு?

இதுவரை கூட மனசு விடவில்லை. போர் ஜீப்பாக இல்லாவிட்டால் போகிறது, விலையைக் குறைத்து வாங்கலாமே என்றுதான் நினைத்தேன். மாமா சாக்கை விரித்து அடியில் படுத்தார். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் சேஸிஸ் விரிசலுக்குப் பட்டை போட்டு ஒட்டி, கறுப்பு அடித்திருந்தது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் ஆடியது. இதெல்லாம் செலவு செய்தால் தீரும். அப்புறம் கூப்பிட்டார்: “மாப்ளே, வந்து பாரு.”

முன் ஆக்ஸிலுக்குப் போகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்டே இல்லை. உள்ளே இரண்டு லீவரும் பளபளவென்று இருக்கின்றன. முதல் தடவை நான் நாலு சக்கர லீவரைப் போட்டு, லோ கியரிலும் ஓட்டினேனே! லோ கியரில் எப்படியும் வண்டி மெதுவாக, பலமாக இழுக்கும். அதை நாலு சக்கரமும் இழுப்பதாக நினைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் எங்கள் ஏற்றத்தில் பின் சக்கரம் மட்டும் சேற்றில் சுற்றினால், மூட்டையோடு பின்னால் சரிந்து பள்ளத்துக்குத்தான் போக வேண்டும். வாழைத்தார் மேல் உட்கார்ந்து வருகிற நாலு பெண்களும் கூடவே.

வேண்டாம் என்றேன். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அப்பாவின் கார்ச் சாவி வளையம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை மாட்டலாம் என்று எடுத்து வைத்திருந்ததை வீட்டுக்காரி பேசாமல் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

இப்போது மாமா ஜோங்கா பக்கம் கை காட்டுகிறார். ஜபல்பூரில் ராணுவத்துக்காக நிசான் மாடலில் செய்த வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல். பெட்ரோல் செலவை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ராணுவக் கழிவு ஏலத்தில் போன ஜோங்காவை மலைத் தோட்டத்தில் ஓட்டுகிற வாசகர்கள் யாராவது இருந்தால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது, உதிரி பாகம் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். மழைக்கு முன் முடிவு செய்ய வேண்டும்.