அம்மப்பாவின் கடிதம்

நான் பிறந்து வளர்ந்தது ஸ்காபரோவில். ஜனவரி வந்தால் தமிழ் மரபுத் திங்கள் விழாவில் வேட்டி கட்டி மேடையேறுவேன். 'தமிழன் என்பதில் பெருமைப்படுகிறேன்' என்று முடியும் பேச்சை அம்மா ஆங்கில எழுத்தில் எழுதித் தருவார். பாடமாக்கி ஒப்புவிப்பேன். எல்லோரும் கை தட்டுவார்கள். கீழே இறங்கியதும் நண்பர்களோடு ஆங்கிலம்தான். உங்களில் பலருக்கும் இது தெரிந்த கதையாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் அலுமாரியை ஒதுக்கும்போது அம்மப்பாவின் கடிதங்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. ஒரு வரிகூட எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அம்மா வாசித்துக் காட்டுகிறேன் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. "வேண்டாம், நானே வாசிக்கிறன்" என்றேன்.

அம்மப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. பிறகு தமிழ் உத்தியோகத்தர்களும் சிங்களச் சோதனை எழுத வேண்டியிருந்தது. சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. அவர் எழுதவில்லை. வேலையை விட்டு யாழ்ப்பாணம் வந்து தோட்டம் செய்தார். "அவருக்குச் சிங்களத்திலை கோபம் இல்லை. கடைக்காரரோடை நல்லாக் கதைப்பார். கட்டாயப்படுத்தினதுதான் பிடிக்கேல்லை" என்றார் அம்மா.

அப்படிப்பட்டவரின் பேரன் நான். 2010இல், ஏழு வயதில், ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். அவர் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு வருடத்தில் அவர் இறந்துவிட்டார்.

எழுத்துக்கூட்டி வாசிக்க மூன்று மாதம் பிடித்தது. ர, ற இன்னும் தடுமாறும். நான் முதலில் முழுதாக வாசித்த கடிதம், நாங்கள் கனடா திரும்பிய கிழமை அவர் எழுதியது. அதில் இப்படி இருந்தது:

"தம்பியைப் பேசாதே பிள்ளை. அவன் பயத்தில் ஒளியவில்லை. என்ன கதைப்பது என்று தெரியாமல் நின்றவன். எனக்கு அது விளங்கும். கந்தோரில் நானும் அப்படி நின்றவன்தான்."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மொழிக்காக வேலையை விட்டவர், மொழி தெரியாத என்னை ஒரு சொல்லாலும் குறை சொல்லவில்லை. மேடையில் நான் சொன்ன பெருமைக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. அவர் எழுதியதை அவர் சொல்லிலேயே வாசிக்க முடிந்ததே, அதுதான் என் பெருமை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கடிதமாக வாசிக்கிறேன். அம்மா பக்கத்தில் இருந்து பிழை திருத்துவார். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.