செத்த காலேஜில் ஒரு பகல்

சென்னைப் பட்டணத்தில் ஒரு காலத்தில் இரண்டு விசித்திரமான 'காலேஜ்'கள் இருந்தன. அவற்றில் படித்துப் பட்டம் பெற்றவர் ஒருவரும் கிடையாது. ஆனால் அவற்றைப் பாராமல் ஊர் திரும்பிய கிராமவாசிகளும் அநேகமாகக் கிடையாது. ஒன்று உயிர் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். முன்னது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக் காட்சிச்சாலை. பின்னது எழும்பூர் பாந்தியன் சாலையில் இன்றும் இருக்கும் மியூஸியம்.

காலேஜ் என்ற பெயர் வெறும் வேடிக்கையாக ஏற்பட்டதன்று. 1851-ஆம் ஆண்டில் மியூஸியம் ஆரம்பமானபோது, கோட்டைக் கல்லூரி என்று வழங்கிய நுங்கம்பாக்கத்துக் கட்டிடத்தின் மாடியில்தான் அது குடியிருந்தது. 1854-இல் பாந்தியன் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. அதன் முதல் தலைவரான டாக்டர் எட்வர்ட் பல்போர் உயிருள்ள மிருகங்களையும் மியூஸியத் தோட்டத்திலேயே வளர்க்க ஏற்பாடு செய்தார். பிறகு உயிருள்ளவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பிரிந்து போயின; உயிரில்லாதவை எழும்பூரில் தங்கின. ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். 1985-இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. பெயரும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

எங்கள் தாயாருக்கு மட்டும் மறக்கவில்லை. 1959-ஆம் வருஷத்துக் காணும் பொங்கலன்று, எட்டு வயதுச் சிறுமியாகத் தம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலேஜைப் பார்த்தவர் அவர். இப்போது தாமே பாட்டியாகி, ஒன்பது வயதுப் பேத்தியையும் ஐந்து வயதுப் பேரனையும் அழைத்துப்போகப் புறப்பட்டார். அவர் புறப்பட்டதே எங்களுக்கு ஆச்சரியம். எங்கள் தகப்பனார் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரையில் அவர் தெருக்கோடிக் கோயிலைத் தாண்டிப் போனதில்லை.

முதல் நாள் நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. மியூஸியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதைப் பூட்டிய கதவின் முன் நின்று தெரிந்துகொண்டோம். விசாரியாமல் கிளம்பியது எங்கள் புத்திசாலித்தனம். மறுநாள் மாம்பலத்தில் மறுபடியும் மின்சார ரயில் ஏறினோம். எழும்பூர் வருவதற்குள் பாட்டி செத்த காலேஜ் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பேரன் சிரிக்கவில்லை. அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு பொருட்காட்சிச்சாலை என்ற எண்ணம் அவ்வளவு பழமையானதன்று. உலகத்தில் முதன் முதலாக அப்படி ஒன்று அமெரிக்காவில் புரூக்ளின் நகரில் 1899-இல்தான் ஏற்பட்டது. எழும்பூரிலும் மியூஸியத் தோட்டத்துக்குள் அத்தகைய பகுதி ஒன்று இருக்கிறது. பழைய நாகரிகங்களையும் பல நாட்டு மக்களின் உடைகளையும் காட்டும் பொம்மைகள் அங்கே கண்ணாடிக்குள் அணிவகுத்து நிற்கின்றன. குழந்தைகள் அவற்றை ஒரே ஓட்டமாகப் பார்த்து முடித்தார்கள். நகர மறுத்தவர் பாட்டிதான்! ஒவ்வொரு பொம்மையின் முன்னும் நின்று, புடவைக்கட்டு சரியா, முகத்தில் களை உண்டா என்று பரீட்சை செய்தார். ஐம்பது வருஷம் கொலு வைத்தவர் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

"படி கட்டாமல் வைத்துவிட்டார்களே!" என்று ஒரு குறையும் சொன்னார்.

"பாட்டி, இவற்றைத் தொடக் கூடாதா?" என்றாள் பேத்தி.

"நம் வீட்டுக் கொலுவிலே மட்டும் உன்னைத் தொட விடுகிறேனா?"

"விஜயதசமி இராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பீர்களே! இவற்றை யார் படுக்க வைப்பார்கள்?"

பாட்டி இதற்குப் பதில் சொல்லாமல், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார். பேரன் மட்டும் ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பெரிய பொம்மைகளைத் தேடுகிறான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்தில் திருவாலங்காட்டு நடராஜரைத் தரிசித்தோம். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் புகைப்படத்தில் பார்த்து வியந்து எழுதிய திருமேனி அது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூவில்லாத சுவாமியைப் பார்ப்பது அவருக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

பிறகு பிராணிகளின் பகுதிக்குப் போனோம். பஞ்சடைத்த மிருகங்களும், யானையின் எலும்புக்கூடும், எல்லாவற்றையும் அற்பமாக்கிவிடும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் அங்கே இருக்கின்றன. அதன் எதிரில் வந்ததும் பேரன் நின்றுவிட்டான். பாட்டியின் விரலை இழுத்து, மிகவும் மெதுவான குரலில், "பாட்டி, தாத்தா எந்த அறையில் இருக்கிறார்?" என்று கேட்டான்.

காலையிலிருந்து அவன் தேடியது என்னவென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. எங்களுக்குப் பேச்சு எழவில்லை. பேத்தி, "அசடே!" என்று ஆரம்பித்தவள், எங்கள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அங்கிருந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்விடலாமா என்று கூடத் தோன்றியது.

பாட்டி தரையிலேயே உட்கார்ந்து பேரனை மடியில் இருத்திக்கொண்டார்.

"தாத்தா இங்கே இல்லையடா, கண்ணே. செத்துப் போனவர்களை இங்கே கொண்டுவந்து வைப்பதில்லை. ஆனால் தாத்தா இங்கே வந்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமான புதிது, 1971-ஆம் வருஷம். இந்தத் திமிங்கிலத்துக்கு எதிரில்தான் நின்றார். இதன் விலா எலும்புகளை எண்ணிவிடுகிறேன் பார் என்றார். மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் கணக்குத் தவறிவிட்டது. காவற்காரன் எங்களையே பார்க்கிறான். எனக்கானால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது!"

சொல்லிக்கொண்டே பாட்டி சிரித்தார். கண்ணில் நீர் வந்ததையும் துடைத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர் மகனாகிய எங்களுக்கும் சொல்லாத கதை அது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் தகப்பனாரைப் பற்றிப் பேசியதும் அன்றுதான்.

பேரன் எழுந்து, விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான். பதினொன்றில் தவறிற்று. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். பேத்தி மற்றொரு பக்கத்தை எண்ணுவதாக ஒப்புக்கொண்டாள். இருவருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

"தாத்தா எத்தனை வரைக்கும் எண்ணினார், பாட்டி?"

"முப்பது என்றார். கொஞ்சம் பொய்யும் கலந்திருக்கும்."

மூடும் நேரமாகிவிட்டது என்று காவலாளி வந்து சொல்லும் வரையில் எண்ணிக்கை நடந்தது. திரும்பும் ரயிலில் பேரன் பாட்டியின் தோளில் தூங்கிவிட்டான். கோடை விடுமுறையில் மறுபடியும் போய்க் கணக்கை முடிப்பது என்று தீர்மானமாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்பது பாட்டியின் உத்தரவு.