அரிசோனா எனக்குத் தெரியும்

அரிசோனாவைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். அது என் கர்வம். 1912 பிப்ரவரி 14 அன்று 48ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் வெட்டியெடுக்கும் செம்பில் பாதிக்கு மேல் இங்கேதான் கிடைக்கிறது. கொலராடோ ஆற்றுத் தண்ணீர் சுமார் 540 கிலோமீட்டர் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் வருகிறது. ஊரிலிருந்து வருபவர்களைக் காரில் ஏற்றிவிட்டால் நான் வாயை மூடமாட்டேன். கேட்பவர் முகத்தைப் பார்க்கும் வழக்கமும் இல்லை.

மாமனார் வந்தது ஜூன் மாதம். ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர். இந்த மாநிலத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிமா பருத்தி. நீள இழைப் பஞ்சு. சக்காட்டான் என்ற ஊரின் சோதனைப் பண்ணையில் அதை வளர்த்தெடுக்க உழைத்த பிமா பழங்குடியினரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஹீலா ஆற்றை நம்பிப் பயிர் செய்துவந்த மக்கள் அவர்கள். ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரை மறித்துக்கொண்டதால் பட்டினி கிடந்தவர்கள். மாமாவுக்கு இந்தக் கதை தெரியாது. பஞ்சை மட்டும் விரலால் தெரியும். "அந்தச் செடியை ஒரு தடவ பாக்கணும் மாப்ள" என்றார்.

வயல்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். "அது வெறும் காடு மாமா. நான் உங்களுக்கு கிராண்ட் கேன்யன் காட்டுறேன்" என்றேன்.

விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். மேலிருந்து பார்க்கவே ஒரு பகல் போதாது. எனக்கு அது போதவில்லை. மேலே இருப்பது 27 கோடி ஆண்டுப் பாறை, அடியில் 170 கோடி ஆண்டுப் பாறை என்று நடந்து காட்ட வேண்டும். பிரைட் ஏஞ்சல் பாதையில் அவரை இறக்கினேன்.

அந்தப் பாதையின் ஆபத்து எனக்குத் தெரியாதது அல்ல. தெம்பு இருக்கும்போது இறக்கம், தெம்பு தீர்ந்தபின் ஏற்றம். இறங்க இறங்க வெயில் கூடும். விளிம்பில் இதமாக இருக்கிற நாளில் அடியில் 40 டிகிரியைத் தாண்டும். எச்சரிக்கைப் பலகை தொடக்கத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன். மனைவி புளிச்சாதமும் மோர்மிளகாயும் கட்டிக்கொடுத்திருந்தாள். பை கனக்கும் என்று அதைக் காரிலேயே விட்டேன்.

முதல் ஓய்வுக்கூடத்தில் மாமா உட்கார்ந்தார். "போதும் மாப்ள, திரும்பிருவோம்" என்றார். இன்னும் கொஞ்சம்தான் என்றேன். அடுத்த ஓய்வுக்கூடத்திலும் அதையே சொன்னார். அப்போது நான் ரால்ஃப் கேமரன் கதையில் இருந்தேன். இந்தப் பாதையில் போகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்து, பின்னால் செனட்டராகவும் ஆன மனிதர். கதை பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. கோவேறு கழுதைகள் கடந்து போக வழிவிட்டு ஒதுங்கினோம். மறுபடி இறங்கினோம்.

ஹவசுப்பாய் தோட்டம் விளிம்பிலிருந்து 900 மீட்டருக்கும் கீழே. அங்கே வாழ்ந்த பழங்குடியினரில் கடைசி ஆளை 1928இல் வெளியேற்றினார்கள், 2022இல்தான் அவர்கள் பெயரை இடத்துக்கு வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா தலைவலி என்றார். தண்ணீர் குடியுங்கள் என்றேன். குமட்டுகிறது என்றார். இன்னொரு பாட்டிலை நீட்டினேன். வாந்தி எடுத்தார். மறுபடியும் தண்ணீர்தான் கொடுத்தேன். பிறகு என்னை இறந்துபோன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சற்று நேரத்தில் வலிப்பு வந்தது.

வியர்வையில் உப்பு போயிருந்தது. மாத்திரையும் தன் பங்குக்கு உப்பை இறக்கியிருந்தது. மிச்சத்தை என் தண்ணீர் கரைத்தது. சோடியம் அப்படிக் குறைந்தால் மூளை வீங்கும் என்று ஃபிளாக்ஸ்டாஃப் மருத்துவமனையில் விளக்கினார்கள். ரேஞ்சர்கள் அந்த வெயிலில் ஓடிவந்தார்கள். எங்களுக்காக ஹெலிகாப்டர் ஒன்று பள்ளத்துக்குள் இறங்கியது. தங்கை மகள் கல்யாணத்துக்கு மாமா ஊர் திரும்ப வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்ததால் போக முடியவில்லை.

இதுவரை சொன்னது முட்டாள்தனம், அகம்பாவம். இனிச் சொல்வது அதைவிடக் கீழானது.

மருத்துவமனை வராந்தாவில் மனைவி கேட்டாள்: "அப்பாவை ஏன் அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனீங்க?" நான் யோசிக்கவே இல்லை. "அவர்தான் கேக்கல. இறங்கியே ஆகணும்னு நின்னாரு" என்றேன். பயத்தில் வந்த பொய். ஆனால் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. திருத்தவில்லை.

மாமாவுக்கு நினைவு திரும்பியது. அந்த நாள் மட்டும் திரும்பவில்லை. மகள் அழுதுகொண்டே திட்டினாள். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நானா மாப்ள கீழ போகணும்னு சொன்னேன்?"

"ஆமா மாமா."

மகளிடம் மன்னிப்புக் கேட்டார். பருத்திக்காட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. ஊருக்குப் போனதும் சொந்தக்காரர்களிடம், வயசான காலத்துல வீம்பு பண்ணிப் பிள்ளைகளை அலைய வச்சுட்டேன் என்று சொல்லிவருகிறார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்" என்றார்.

"பரவாயில்ல மாமா" என்றேன்.