ஈஸ்டருக்குப் பயந்த வீடு

வருடத்திலேயே எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் நானும் அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு தவக்காலம் என்போம். மற்ற கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாம் ஈஸ்டர் எப்போ வரும், கோழிக்கறி எப்போ கிடைக்கும் என்று நாள் எண்ணுவார்கள். நாங்களும் எண்ணினோம், இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று. ஈஸ்டர் வந்தால் அப்பா மறுபடி குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

கொசுவர்த்தி சுத்தக் காரணம் என் சின்ன மகள். இங்கே சின்சினாட்டியில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தவக்காலத்தில் எதை விடப் போகிறாய் என்று எழுதி வரவேண்டும். போன வருடம் சாக்லேட். அதற்கு முந்தின வருடம் ஐபேட் (நாலாம் நாளே அது வீடு திரும்பிவிட்டது). இந்த வருடம் யோசித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "தாத்தா என்ன விட்டாங்க?" என்றாள். அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் முளகுமூடு பக்கம். பிழைப்பு திருவனந்தபுரத்தில், சாலைக் கம்போளத்தில் ஒரு அரிசி மொத்தக்கடையில் கணக்கு. சாலையில் நடந்தால் மலையாளமும் தமிழும் சரிபாதியாகக் காதில் விழும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கணக்கில் ஒரு பைசா பிசகாத மனுஷன். கடை அடைத்தபிறகு சாராயக்கடை. அடிக்கிற ஆள் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சம்பளம் பாதிதான் வீடு வந்து சேரும். மிச்சப் பாதியும், பேசிக்கொண்டே இருக்கும் ஒரு வாயும் ராத்திரி பத்து மணிக்கு வரும்.

சாம்பல் புதன் வந்தால் எல்லாம் நின்றுவிடும். காலையில் நெற்றியில் சாம்பலோடு திரும்புகிறவர், ஈஸ்டர் வரை ஒரு சொட்டு தொடமாட்டார். இறைச்சியும் கிடையாது. சாம்பல் புதனில் இருந்து புனித சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு நோன்புக் கணக்கில் வராது என்பதைச் சாக்காக வைத்து ஞாயிறு மட்டும் ஊற்றிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்பா அந்தச் சந்துக்குள் நுழைந்ததே இல்லை. பக்கத்து வீட்டுச் சிரியன் குடும்பத்துக்கு எங்களுக்கு இரண்டு நாள் முன்பே, திங்கட்கிழமையே, 'அன்பது நோம்பு' தொடங்கிவிடும். அதற்கு முந்தின ஞாயிறு பேத்துருத்தா. அன்றைக்கு அவர்கள் வீட்டிலிருந்து வரும் இறைச்சிக்கறிதான் எங்களுக்குத் தவக்காலத்தின் மணி ஓசை.

அம்மாவின் பட்ஜெட் வருடம் ஏப்ரலில் அல்ல, சாம்பல் புதனில் ஆரம்பிக்கும். முழுச் சம்பளம் வரும் மாதங்கள் அவைதானே? பள்ளிக்கூட ஃபீஸ், யூனிஃபார்ம் துணி, சீட்டுப் பாக்கி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சாயங்காலம் அப்பா ஜெபமாலை சொல்லுவார், எனக்கு வட்டிக்கணக்கு சொல்லித் தருவார். நாற்பது நாள் விடத் தெரிந்தவருக்கு மிச்ச நாள் ஏன் விட முடியவில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அவருக்க கை நல்ல கைதான் மக்களே. அந்தி ஆனா வேற எவனுக்க கையோ ஆயிடுது" என்றாள். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பின்னால் படித்தபோதுதான், அம்மா சொன்னது பவுல் பயன்படுத்திய சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் தூய ஆவியின் கனிகளைச் சொல்லிக்கொண்டு வருகிறவர் கடைசியாகச் சொல்வது 'என்க்ராத்தெயா' என்ற கிரேக்கச் சொல். தன்மேல் தனக்குள்ள ஆட்சி என்று அர்த்தம். அம்மா புரோட்டஸ்டண்டு வீட்டில் பிறந்தவள். அவள் கொண்டுவந்த பழைய வேதாகமத்தில் அது 'இச்சையடக்கம்'. இப்போது கத்தோலிக்கர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'தன்னடக்கம்'. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். எதை அடக்குவது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

எங்கள் பழைய ஞானோபதேசத்தில் இன்னும் அழகான ஒரு சொல் உண்டு. தலையான பாவங்கள் ஏழில் ஒன்று போசனப்பிரியம். அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். மட்டாக உண்பது. ஒருசந்தி, சுத்தபோசனம் என்றெல்லாம் பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இது பரிச்சயமாக இருக்கும். ஒருசந்தி ஒருநேரச் சாப்பாடு, சுத்தபோசனம் இறைச்சி இல்லாத சாப்பாடு.

போசனப்பிரியம் என்றால் நிறையத் தின்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆறாம் நூற்றாண்டில் போப்பாக இருந்த பெரிய கிரகோரியார் அதை ஐந்தாகப் பிரித்தார். நேரத்துக்கு முன்னாடியே கைவைப்பது, விலை உயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மிஞ்சுவது, ஆவேசமாக அள்ளிப் போடுவது, பக்குவம் சரியில்லை என்று நொட்டை சொல்லிக்கொண்டே சாப்பிடுவது. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது! மிச்சம் நான்கும் சாப்பாடு நம்மைப் பிடித்துக்கொள்ளும் வழிகள். இந்தப் பட்டியலைத் தங்கமணியிடம் வாசித்துக் காட்டினேன். ஐந்தாவதைக் கேட்டதும் என்னையே பார்த்தாள்.

சுத்தபோசனத்தின் கதை தனி. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீன் கூடும். திருவனந்தபுரம் கடற்கரை ஊர். வெள்ளிக்கிழமை நெய்மீன் வறுத்துத் தின்றுவிட்டு நோன்பு காத்தேன் என்று சொல்ல எங்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. இங்கே வந்து பார்த்தால் அதே கூத்து பெரிய அளவில் நடக்கிறது. தவக்கால வெள்ளிகளில் பங்குக்குப் பங்கு மீன் வறுவல் விருந்து, வரிசையில் நின்று தின்கிறோம். மெக்டொனால்ட்ஸின் ஃபிலே ஓ ஃபிஷ் பிறந்ததே இந்த சின்சினாட்டியில்தான். 1962ல் லூ க்ரோன் என்ற கடைக்காரர், வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்கள் பர்கர் வாங்க வராமல் வியாபாரம் படுத்ததால் கண்டுபிடித்தது. சட்டப்படி எல்லாம் சரி. அந்தியோக்கியாவில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த யோவான் கிறிசோஸ்தோம், நான்காம் நூற்றாண்டிலேயே, மீனையும் கோழியையும் தள்ளிவைத்துவிட்டுச் சக மனுஷனைக் கடித்துத் தின்கிற நோன்பு என்ன நோன்பு என்று கேட்டுவிட்டார். பாவம், அவருக்கு ஃபிலே ஓ ஃபிஷ் தெரியாது.

அப்பாவுக்கும் வேதாகமம் தெரியும். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லிப் பவுல் எழுதிய இடம் அவருக்கு மனப்பாடம். கானாவூர்க் கல்யாணமும். ஈஸ்டர் மத்தியானம் இரண்டும் வரும்.

1996ல் ஒன்று நடந்தது. அந்தோணி முதலமைச்சராக இருந்தபோது கேரளத்தில் சாராயத்தை ஒழித்தார்கள். தடை அமலுக்கு வந்தது ஏப்ரல் 1. குருத்து ஞாயிறுக்கு மறுநாள், புனித வாரத் திங்கள். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அந்த ஒரு வாரம் அம்மா முகத்தில் இருந்த வெளிச்சத்தை அக்கா இன்றைக்கும் சொல்வாள். ஈஸ்டர் அன்று அப்பா பிவரேஜஸ் கார்ப்பரேஷன் கடை வரிசையில் நின்று ரம் வாங்கிவந்தார். விலை கூட, அவ்வளவுதான். 2014ல் தரம் போதாது என்று 418 பார்களுக்கு உரிமம் புதுப்பிக்காமல் விட்டதும், பிறகு ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மட்டும் பார் என்றதும், ஆயர்கள் அதை ஆதரித்ததும், 2017ல் அடுத்த அரசு அதைத் தளர்த்தியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையை அடைத்தால் இச்சை அடங்காது என்பது உண்மை. ஆனாலும் எங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிற அந்த ஒரு வார மூச்சை நான் ஏளனம் செய்யமாட்டேன்.

அடுத்த வருடம்தான் நோன்பே தோற்றது. 1997 பிப்ரவரி 12 சாம்பல் புதன். வழக்கம்போல அப்பா நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கியது. வெள்ளிக்கிழமை ராத்திரி சுவரில் எலிகள் ஓடுகின்றன என்று கத்த ஆரம்பித்தார். நான் சென்னையில் பொட்டி தட்டும் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அக்கா எஸ்டிடி போட்டு அழுதாள். ஆசுபத்திரியில் டாக்டர் சொன்னது இதுதான்: வருஷக்கணக்கில் குடித்துப் பழகின உடம்பில் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். (இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை ஞாபகத்தில் வையுங்கள்.)

அப்பாவுக்கு நோயைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வாழ்க்கையில் தன்னால் செய்ய முடிந்த ஒரே நல்ல காரியம் என்று அவர் வைத்திருந்தது அந்த நாற்பது நாள். அதுவும் போயிற்று. பார்க்க வந்த பங்குச்சாமி, நோயாளிக்குத் திருச்சபை ஒருசந்தி கட்டளையிடவில்லை, மாத்திரையை நேரத்துக்குப் போடுவதுதான் இந்த வருடம் உமக்கு நோன்பு என்றார். சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. பாலைவனத் துறவிகளின் பாடத்தைத் தொகுத்த யோவான் காசியான், அளவு மிஞ்சின பட்டினியும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். வைராக்கியம் வேறு, இச்சையடக்கம் வேறு. அப்பாவிடம் முதலாவது மலைபோல இருந்தது.

இரண்டாவது அம்மாவிடம் இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. தெற்குத் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வழிவந்த சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலையில் போட அரிசி அளந்தபிறகு, அதில் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். சேர்ந்ததைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். (மிசோரம் பெண்கள் 1910ல் இதையே தொடங்கி இன்றைக்கும் விடாமல் செய்கிறார்கள்.) கல்யாணத்தில் கத்தோலிக்கரானபிறகும் அம்மா அந்த மண்கலயத்தை விடவில்லை. பாதிச் சம்பளம் வந்த மாதங்களிலும் ஒரு பிடி போகும். எங்களுக்கே பத்தாதே என்று அக்கா கத்தியிருக்கிறாள். ஒரு பிடியில் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள் என்பாள் அம்மா. நாற்பது நாள் கணக்கு அவளுக்கு இல்லை. முடிகிற நாளும் இல்லை, அதனால் முடிந்தபிறகு கொண்டாடித் தீர்க்க வேண்டிய பாக்கியும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ஹெர்மாஸின் 'மேய்ப்பர்' என்ற நூல் நோன்புக்குச் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுதான். அன்றைக்கு நீ தின்னாமல் விட்டதன் விலையைக் கணக்குப் போட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடுத்துவிடு என்கிறது.

அப்பா முற்றிலும் விட்டது தவக்காலத்தில் இல்லை. இரண்டு தடவை வழுக்கி விழுந்து, ஆசுபத்திரி, மாத்திரை, குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடும் கூட்டம் என்று அலைந்து, 2002 அக்டோபரில், திருநாள் எதுவும் இல்லாத ஒரு பொதுக்கால செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து தினம் ஒரு குவார்ட்டரின் விலையை அம்மாவின் கலயத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளை ஆயிற்றே, குவார்ட்டர் விலை ஏறும்போதெல்லாம் இவரும் ஏற்றினார். மாதக் கடைசியில் அது பங்கில் யாராவது ஒருவரின் மருந்துச்சீட்டுக்குப் போகும். 2011ல் இறக்கும்வரை இது நடந்தது. ஒன்பது ஈஸ்டரை நாங்கள் எல்லாரையும்போலச் சாப்பிட்டோம்.

2025 மார்ச்சில் ஊருக்குப் போயிருந்தேன். 2ம் தேதி ரம்ஜான் நோன்பு, 5ம் தேதி சாம்பல் புதன், 13ம் தேதி ஆற்றுக்கால் பொங்கலை. பாளையத்தில் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் சூசையப்பர் பேராலயமும் எதிரும் பக்கமுமாக இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஊரே ஏதோ ஒரு விரதத்தில் இருந்தது. இங்கே திரும்பி வந்து நாங்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடி அரிசி போட்டுப் பார்த்தோம். இங்குள்ள உணவு வங்கியில் பிரித்த அரிசியை வாங்கமாட்டார்களாம். இப்போது பாட்டில் நிறைந்ததும் அதே எடைக்குக் கடையில் சீல் உடைக்காத மூட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, பாட்டில் அரிசியை நாங்கள் பொங்கிக்கொள்கிறோம்.

அப்பா போன அந்த வாராந்தரக் கூட்டத்தின் மூலம் இந்த ஒஹாயோவில்தான் இருக்கிறது என்பது இங்கே வந்தபிறகு தெரிந்த விஷயம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல் ஆக்ரன் நகரில் ஆரம்பமானது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாபின் வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவரும் நிறுத்தி, ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் வழுக்கி, அதன்பிறகுதான் விட்டவர். அம்மா விசிட்டர் விசாவில் வந்திருந்தபோது கூட்டிப்போனேன். நான் சொன்ன வரலாறு எதையும் அவள் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இவருக்க வீட்டுக்காரிக்க பேரு என்ன மக்களே?"

ஆன் என்றேன்.

அம்மா அடுப்புப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.