செம்பில் அச்சேறும் கோடுகள்

வானொலி முதல் கைத்தொலைபேசி வரை எல்லாவற்றின் உள்ளும் இருக்கும் மின்சுற்றுப் பலகை, உண்மையில் எங்கள் அச்சுத்தொழில் பெற்ற பிள்ளை. பத்திரிகைத் துறையில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

அன்புவழிபுரத்தில் எங்கள் அயலில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அத்தகைய பலகையை வீட்டிலேயே செய்கிறான். தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சிறு கருவிக்காக.

கணினியில் வரைந்த சுற்றினை வழுவழுப்பான சஞ்சிகைத் தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிடுகிறான். அதன் டோனர், கரியும் பிளாஸ்டிக்கும் கலந்த தூள், சூட்டில் உருகும். செம்பு பதித்த பலகையைத் துலக்கி, தாளை அதன்மேல் கவிழ்த்து, உடுப்புக்குப் போடும் அயன்பெட்டியால் சில நிமிடங்கள் அழுத்துகிறான். பின்னர் தண்ணீரில் ஊறவைத்தால் தாள் கழன்றுவிடும். கருங்கோடுகள் செம்பில் தங்கிவிடும். பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டதும், கோடுகள் மூடாத செம்பை அது தின்றுவிடுகிறது. அசிற்றோனால் டோனரைத் துடைத்தால் செம்புப் பாதைகள் பளிச்சிடுகின்றன. துளையிட்டு, உறுப்புக்களை ஈயத்தால் பற்றவைப்பதே மிச்சம்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பழைய அச்சுக்கூடமே நினைவுக்கு வந்தது. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளர்கள் எழுத்துக்களைத் தலைகீழாகவே படித்தார்கள். இவனும் பலகையில் எழுத்து நேராக விழவேண்டுமென்று கண்ணாடி விம்பமாகவே அச்சிடுகிறான். அன்று பத்திரிகைப் படங்களுக்கு நாகத் தகட்டில் 'புளொக்' செய்ததும் இதே முறைதான்: வேண்டிய இடத்தை மூடிவிட்டு, வேண்டாததை அமிலத்துக்குக் கொடுப்பது.

இது தற்செயலான ஒற்றுமை அன்று. அச்சுச்சுற்றின் முன்னோடி எனப் போற்றப்படும் போல் ஐஸ்லர், 1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். அச்சு, பதிப்புத் துறையில் பணியாற்றிய பொறியியலாளர். 1936இல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்து, கம்பிகளுக்குப் பதிலாக அச்சிட்ட செம்புக் கோடுகளைக் கொண்ட வானொலியை உருவாக்கினார். சொந்த மண்ணில் வாழமுடியாமற் போனவரின் கைவண்ணம் அது என்பதை எங்களவர்கள் எளிதில் உணர்வார்கள்.

மாணவனின் தாயார் என்னிடம் ஒரு நாள் கேட்டார்: "ஐயா, இவன் எந்நேரமும் வயரும் சாமானுமாய் இருக்கிறான். ஒரு பிரச்சினையும் வராதோ?"

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிக்க என்னால் இயலவில்லை. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது மின்கலங்களும் தடைப்பட்டன. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். திருகோணமலையிலோ, சோதனைச் சாவடியில் ஓர் இளைஞனின் பையில் இரண்டு முழ வயர் இருந்தாலே விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. மகன் ஆசையாகச் சேர்த்த வானொலி உதிரிப்பாகங்களை இரவோடிரவாகக் கிணற்றுக்குள் போட்ட ஒரு தாயை நான் அறிவேன். கைத்திறன் மிக்க ஒரு தலைமுறை அப்படித்தான் கைகட்டி நின்றது. போர் 2009இல் முடிந்தது. தாய்மாரின் நெஞ்சில் அது இன்னும் முடியவில்லை.

"பயப்படாதேயுங்கோ தங்கச்சி. கதவைத் திறந்துவைத்துக்கொண்டே செய்யட்டும்" என்றேன். காற்றோட்டத்துக்காகவும் சொன்னேன்; ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பதற்காகவும் சொன்னேன். அவனுக்குச் சொன்னது ஒன்றே: செம்பு கரைந்த கழிவு நஞ்சு, அதைக் கிணற்றடியில் ஊற்றாதே. அவன் அதைப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறான்.

பெற்றோரும் ஆசிரியரும் இத்தகைய பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுங்கள். உங்கள் பழைய அச்சத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.