தாம்பரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் போனால், டீக்கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பைக் மெக்கானிக் கடைகள்தான். காலை ஒன்பது மணிக்கே வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். காலேஜ் பையனின் பைக், பால்காரரின் மொபெட், வேலைக்குப் போகும் அம்மாவின் ஸ்கூட்டர் என்று எல்லாம் இருக்கும்.

இந்தச் சாலையில் தொடங்கி மண்ணிவாக்கம், படப்பை வழியாக ஒரகடம், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போய்ப் பாருங்கள். ஒரு பைக்குக்குள் பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்ற கேள்விக்கு, இந்த ஒரே பாதையில் மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பதில் கிடைக்கும்.

முதல் இடம் மெக்கானிக் கடை. நான் நின்றிருந்த கடையில் ஒரு இளைஞர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

“அண்ணே, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது. நேத்து பெருங்களத்தூர்ல நடு ரோட்டுல நின்னுடுச்சு. பின்னாடி லாரி. உயிரே போயிடுச்சு.”

மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. சீட்டைக் கழற்றினார். அடியில், டேப் சுற்றிய ஒயர்களோடு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது.

“இது எப்ப மாட்டுனது தம்பி?”

“மூணு மாசம் இருக்கும்ணே. சைலன்சர் மாத்தினப்ப சேர்த்து மாட்டுனாங்க. பிக்கப் கூடும்னு சொன்னாங்க.”

“மொதல்ல இதை பைபாஸ் பண்ணி, கம்பெனியில இருந்து வந்த மாதிரி ஓட்டிப் பார்ப்போம். அப்புறமா மத்ததைப் பேசலாம்.”

அந்தப் பெட்டியின் பெயர் ஃப்யூல் டியூனர். கார்புரேட்டர் இருந்த காலத்தில் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சுற்று சுற்றிப் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பார். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, புதிய பைக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இன்ஜெக்‌ஷன்தான். காற்று, வெப்பம், த்ராட்டில் ஆகியவற்றின் அளவைப் பார்த்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று ஈ.சி.யு. என்னும் சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை சரியா இல்லையா என்று அதற்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

டியூனர் பெட்டி இந்தக் கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ‘இவ்வளவு நேரம் திற’ என்று ஈ.சி.யு. சொன்னால், ‘இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திற’ என்று மாற்றிச் சொல்கிறது. இதற்கு நியாயமான தேவையும் உண்டு. காற்றை அதிகம் விடும் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். இன்ஜின் அதிகம் சூடாகும், த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கும். அதைச் சரிக்கட்டத்தான் டியூனர்.

ஆனால் அளவு மீறினால் ப்ளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பாழாகும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும். இப்போது பங்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய பெட்ரோலுக்கு வைத்த செட்டிங் இதற்கும் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது.

பைபாஸ் என்றால் பெட்டியைப் பிடுங்கி எறிவது அல்ல. அப்படிச் செய்தால் இன்ஜெக்டருக்குத் தகவலே போகாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவியை ஆஃப் செய்துவிட்டு, பெட்டி மாட்டும்போது பிரித்த கப்ளர்களை மறுபடி ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்க வேண்டும். இன்ஜெக்டர் கப்ளர் மட்டும் போதாது. ஆக்சிஜன் சென்சார் ஒயரையும் பெட்டி வழியாக விட்டிருந்தால் அதையும் பழைய இடத்தில் மாட்ட வேண்டும். சில பெட்டிகளோடு பைபாஸ் ப்ளக் ஒன்றும் தருவார்கள். பெட்டி வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வது நல்லது.

பைபாஸ் செய்த பிறகும் வண்டி நின்றால், குற்றம் பெட்டியில் இல்லை. ப்ளக், ஏர் ஃபில்டர், பேட்டரி எர்த், பெட்ரோல் பம்ப் என்று தேட வேண்டும். வண்டி நிற்காமல் ஓடினால், செட்டிங்கோ கப்ளரோதான் காரணம்.

அன்றைக்கு கப்ளர்தான். உள்ளே பச்சை பூத்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மிதந்த ஊர் முடிச்சூர். இப்போதும் பெருமழை என்றால் முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டியவர்கள் இங்கே நிறைய. கம்பெனி கப்ளருக்கு ரப்பர் சீல் உண்டு. டேப் சுற்றிய இணைப்புக்கு எது காவல்?

படப்பை தாண்டினால் வீடுகள் குறைந்து லாரிகள் கூடும். ஒரகடம், இந்தப் பயணத்தின் இரண்டாவது இடம். 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு, 2013-இல் இங்கேயும் 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை திறந்தது. யமஹா தொழிற்சாலையும் வல்லம் வடகாலில்தான். வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரும் ஒரகடத்தில் இருக்கிறது. ஒரு வண்டி விற்பனைக்கு வருவதற்கு முன், அதன் புகையை இதுபோன்ற கூடங்களில் கிராம் கணக்கில் அளந்து பார்ப்பார்கள். இங்கே சரியான கலவை என்றால், ஊர் மூச்சு விடக்கூடிய கலவை.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய் பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் மூன்றாவது இடம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களுக்கு, 1990-இல் கிடைத்த நிரந்தர இடம். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். இங்கே த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம். சிக்னல் இல்லை, ஐட்லிங்கில் நிற்கும் தேவையும் இல்லை. டியூனர் பெட்டி தன் முழு வேலையைக் காட்டும் இடம் இதுதான்.

ஆனால் நம்முடைய தினசரி ஓட்டம் ஜி.எஸ்.டி. சாலையில். குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை கால்வாசி த்ராட்டிலுக்கு மேல் போக இடம் எங்கே? டிராக்குக்கு வைத்த செட்டிங்கை அங்கே ஓட்டினால், சிக்னலில் இன்ஜின் திணறத்தான் செய்யும். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் வண்டி நின்றுபோவது பிக்கப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

பெட்டியை வைத்துக்கொண்டே சரிசெய்ய விரும்புகிறவர்கள், இன்ஜின் சூடானதும், ஒரே சாலையில், ஒரு முறைக்கு ஒரு படி மட்டும் மாற்ற வேண்டும். ப்ளக் நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு. பெட்டியை நிரந்தரமாக எடுப்பவர்கள் பழைய சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் திரும்ப மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறும். சட்டத்தையும் மறக்க வேண்டாம். அனுமதி இல்லாத பாகங்களை மாட்டி வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கிறீர்களா? பெயின்ட்டையும் டயரையும் பார்த்தது போதும், சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். டேப் சுற்றிய ஒயரோ தனியாக ஒரு பெட்டியோ இருந்தால், அதை பைபாஸ் செய்து பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் செய்து காட்டுகிறவரிடம் மட்டும் விலை பேசுங்கள்.